ஏற்றியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரியிலிருந்து பாரம் சரிந்து ஆள் இறந்த செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. எந்தச் செய்தியானாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘ஓட்டுநரைப் போலீசார் கைது செய்து விசாரித்து வருகின்றனர்.’ இல்லாவிட்டால், ‘தப்பியோடிய ஓட்டுநரைத் தேடி வருகின்றனர்.’ அந்தப் பாரத்தை எங்கே ஏற்றினார்கள், யார் ஏற்றினார்கள், கட்டு சரியாக இருக்கிறதா என்று யார் பார்த்து வெளியே விட்டார்கள் என்பது பற்றி ஒரு வார்த்தை இருக்காது. உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைப்பது எஃப்.ஐ.ஆரில் இருக்கும் தகவல். அதிலேயே அது இருப்பதில்லை.

நான் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவை பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள். இந்த மனுக்களை எம்.சி.ஓ.பி. என்றால் நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். மனுவைத் தட்டச்சு செய்வது, காவல் நிலையத்தில் ஆவணங்களின் நகல் வாங்குவது, வாய்தா தேதியைக் கட்சிக்காரருக்குச் சொல்வது எல்லாம் என் வேலை. எதிர்மனுதாரர்கள் பட்டியலை எழுதும்போது கை தானாக ஓடும். ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம். சில மனுக்களில் ஓட்டுநரைக்கூட விட்டுவிடுவோம். பாரம் விழுந்து நேர்ந்த விபத்து என்றாலும் அதே பட்டியல்தான்.

அந்த வழக்குகளின் கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பவையும் ஒரே மாதிரி. எஃப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜர், வரைபடம், பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. ஆய்வாளர் அறிக்கையின் முடிவில் ஒரு வரி தவறாமல் வரும்: விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல. பிரேக்கைப் பார்ப்பார்கள், ஸ்டியரிங்கைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். எத்தனை பெல்ட் போட்டிருந்தது, எந்த இடத்தில் அறுந்தது, ஆப்பு வைத்திருந்ததா என்பதெல்லாம் அதில் இருந்து நான் பார்த்ததில்லை. இருக்கவும் வழியில்லை. ஆய்வாளர் வருவதற்குள் சரக்கு வேறு வண்டிக்கு மாறிப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடும். காவல் நிலைய வளாகத்தில் நிற்பது வெறும் வண்டி.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். டிரெய்லரில் எஃகுத் தகட்டுச் சுருள் போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் காயில் என்பார்கள். ஒரு காயிலே 20 டன் வரைக்கும் இருக்கும். சாலை வளைவில் அது தட்டிலிருந்து உருண்டு, பக்கத்தில் போன ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஓட்டி வந்தவர் அதே இடத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவியும் பள்ளிக்கூடம் போகிற பையனும் எங்கள் மனுதாரர்கள். எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற வழக்கமான வாசகம்.

அந்த ஓட்டுநர் சாட்சி சொல்ல வந்திருந்தார். எதிர்த்தரப்பு ஆள்தான். ஆனால் கூப்பிடும் வரைக்கும் வராந்தாவில் எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். “காயிலை எப்படி வெச்சாலும் உருளத்தான் சார் பாக்கும்” என்றார். “சுருளோட நடு ஓட்டை பக்கவாட்டுல பாத்து இருந்தா, பிரேக் போட்டதும் கேபினுக்கு வரும். ஓட்டை முன்னாடி பாத்து இருந்தா, வளைவுல சைடுல போவும். அதனால தொட்டில் மாதிரி சட்டத்துல உக்கார வெச்சு, ரெண்டு பக்கமும் ஆப்பு அடிச்சு, ஓட்டைக்குள்ள சங்கிலி விட்டு இழுத்துக் கட்டணும். என் வண்டியில வெச்சது ரெண்டு துண்டுக் கட்டை.” ஏற்றும்போது நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “உள்ள விட்டாத்தான சார் பாக்க?”

இது எனக்கு அதுவரை தெரியாத விஷயம். பிறகு வேறு ஓட்டுநர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏற்றும் கொட்டகைக்குள் ஓட்டுநர் நிற்கக் கூடாது என்று பல ஆலைகளில் விதி வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே கிரேன் ஓடும் இடம், அந்த விதியில் தப்பில்லை. வண்டியை உள்ளே விட்டுவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் காத்திருப்போர் கொட்டகையில் போய் உட்கார வேண்டும். கிரேனை இயக்குபவர் ஒருவர், கட்டை வைப்பவர் ஒருவர், இருவருமே ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எல்லாம் முடிந்த பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். ‘சரக்கு நல்ல முறையில் ஏற்றிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து ஏற்றுக்கொண்டேன்’ என்று அதில் அச்சடித்திருக்கும். கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் தார்ப்பாய் மூடியாகிவிட்டிருக்கும், பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

மறுத்தால்? வரிசையிலிருந்து வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். மறுபடியும் எப்போது கூப்பிடுவார்கள் என்பது தெரியாது. புக்கிங் ஆபீசுக்குப் போன் போகும். அங்கிருந்து முதலாளிக்குப் போகும். முதலாளி ஓட்டுநரைக் கூப்பிட்டு, “ஊர் உலகத்துல எவனும் கேக்காத கேள்வி உனக்கு எதுக்குப்பா” என்பார். கையெழுத்து விழும். பிற்பாடு யாராவது ஆலையின் பக்கம் விரல் நீட்டினால், அவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

வாசலில் சோதனை இல்லையா என்றால், இருக்கிறது. பாதுகாவலர் வண்டியைச் சுற்றி வந்து கேபின், டூல் பாக்ஸ், டீசல் டேங்க் பின்பக்கம் வரைக்கும் டார்ச் அடித்துப் பார்ப்பாராம். எல்லாம் ஆலைப் பொருள் ஏதாவது திருட்டுப் போகிறதா என்று பார்க்கத்தான். பெல்ட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க அவருக்கு உத்தரவில்லை.

கட்டும் சாமான் யாருடையது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பெல்ட், சங்கிலி, கயிறு, தார்ப்பாய் எல்லாம் வண்டிக்காரர் பொறுப்பு. வாடகை பேசும்போது இதற்கென்று தனியாக எதுவும் பேசுவதில்லை. ஆகவே வெயிலில் வெளுத்து ஓரம் நைந்த பெல்ட்டே அடுத்த நடைக்கும் போகும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். முனைக்குக் காப்பு வைக்காமல் மேலே போட்ட பெல்ட் வண்டி குலுங்கக் குலுங்க அறுபடும். நைலான் கயிறோ இழுபடும். புறப்படும்போது விறைப்பாக இருந்த கட்டு கொஞ்ச தூரம் போவதற்குள் தளர்ந்துவிடும், நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கென்று ஈ.என். 12195 என்ற தரவிதி இருக்கிறது. சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையை முன்பக்கமாகவும், 50 சதவீத விசையைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் தாங்கி நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தக் கணக்கில் 20 டன் காயிலைப் பக்கவாட்டில் உருளாமல் நிறுத்த 10 டன் விசைக்கு ஈடு கொடுக்க வேண்டும். வைத்திருந்தது இரண்டு துண்டுக் கட்டை.

‘ஓவர்லோடு’ என்று இதையெல்லாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த டிரெய்லரின் எடைச்சீட்டைப் பார்த்தேன். அனுமதித்த எடைக்குக் குறைவுதான். எடை மேடை மொத்த எடையைச் சொல்லும். பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதில் தாங்கி நிற்கிறது என்று சொல்லாது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பைக் கூட்டியபோது இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அப்போது நடந்த விவாதம் முழுக்க டன் கணக்கில்தான். கட்டு பற்றி யாரும் வாய் திறந்ததாக நினைவில்லை.

சட்டம் ஏற்றியவரை விட்டுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. வழக்குக் கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆவது பிரிவு, இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனமோ உரிமையாளரோ ஓட்டுநரோ கொடுக்க வேண்டும் என்று மூன்று பேரைத்தான் சொல்கிறது, உண்மை. ஆனால் ஆளில்லா ரயில்வே கேட்டில் வண்டி மேல் ரயில் மோதிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-லேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. விபத்துக்கு வேறொருவரும் கூட்டுக் காரணம் என்றால், அங்கே ரயில்வே, அவர் மேலும் இதே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். பலருடைய அலட்சியம் சேர்ந்து நேர்ந்த விபத்தில், பாதிக்கப்பட்டவர் அவர்களில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்று 2015-இல் கென்யெய் என்பவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ரயில்வேக்குப் பொருந்துவது ஏற்றி அனுப்பிய ஆலைக்கு ஏன் பொருந்தாது என்று ஒருவர் வாதாடிப் பார்க்கலாம் அல்லவா?

குற்றவியல் பக்கமும் அப்படித்தான். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-ஆவது பிரிவு வண்டி ஓட்டுபவருக்கானது. மரணம் விளைவிக்கும் அலட்சியத்தைத் தண்டிக்கும் 106(1) அப்படியல்ல. யாருடைய அலட்சியச் செயலால் மரணம் நேர்ந்தாலும் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. அதில் ஸ்டியரிங் பற்றிப் பேச்சே இல்லை. ஆப்பு வைக்காமல் அனுப்பியவரும் அதற்குள் வரலாம். பாரம் பக்கத்திலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கும் 194(1ஏ) பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்தது. அது ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை, ‘ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர்’ என்றும் சொல்கிறது. நடைமுறையில் அபராதச் சீட்டு வண்டி எண்ணின் மேல் விழுகிறது. வண்டிக்கு எண் இருக்கிறது, அனுப்பியவருக்கு இல்லை.

இன்னும் ஒன்று. அமிலம், எரிவாயு மாதிரி ஆபத்தான சரக்குக்கு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி ஏற்பாடு உண்டு. சரக்கை அனுப்புபவரின் பொறுப்பு 131-ஆவது விதியில், வண்டிக்காரரின் பொறுப்பு 132-இல், ஓட்டுநரின் பொறுப்பு 133-இல். அவரவர் பாரம் அவரவர் தலையில் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். அமிலத்துக்கு முடிந்தது எஃகுச் சுருளுக்கும் கருங்கல் பலகைக்கும் முடியாதா? ஸ்கூட்டரில் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதானே.

ஓட்டுநர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். கட்டு தளர்ந்தது தெரிந்தும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டியவர்களின் வழக்குகளையும் பார்த்திருக்கிறேன். வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும். எங்கள் வக்கீல் ஐயா அடிக்கடி சொல்லும் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, சாவேஜ் வழக்கு, 1953. பாரத்தைப் பத்திரமாக ஏற்றிக் கொண்டுபோவது முதலில் வண்டிக்காரர் கடமை. கண்ணால் பார்த்தாலே தெரியும் குறை என்றால் பழி அவருக்குத்தான். ஆனால் அனுப்புபவரே ஏற்றியிருந்து, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை உள்ளே இருந்தால் பழி ஏற்றியவருக்கு. ஞாயமான பிரிவினைதான். சீல் வைத்த கன்டெய்னரை நினைத்துப் பாருங்கள். உள்ளே இயந்திரத்தை ஒரு பக்கமாக வைத்திருக்கிறார்களா, நடுவில் வைத்திருக்கிறார்களா என்று ஓட்டுநர் எப்படிப் பார்ப்பார்? சீலை உடைத்தால் அதுவே குற்றம். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் கனரக வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அனுப்புபவர், அடுக்குபவர், ஏற்றுபவர், பயண நேரம் குறிப்பவர் என்று சங்கிலியில் உள்ள எல்லோர் மேலும் பாதுகாப்புக் கடமையைச் சுமத்துகிறது.

சரி, சட்டத்தில் வாசல் இருக்கிறதென்றால் ஏன் யாரும் தட்டுவதில்லை? இதற்குப் பதில் நீதிமன்ற வராந்தாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மனுதாரருக்குத் தேவை பணம், அதுவும் சீக்கிரம். இன்சூரன்ஸ் நிறுவனம் என்றாவது ஒருநாள் கட்டிவிடும். ஆலையையும் சேர்த்தால் பெரிய வக்கீல் வருவார், கையெழுத்துப் போட்ட தாள் வரும், ஒப்பந்தக்காரர் மேல் கை காட்டுவார்கள், ஒப்பந்தக்காரர் ஊரை விட்டே போயிருப்பார். அவருக்கு அனுப்பிய சம்மன் சேராமலே திரும்பி வரும். கணவனை இழந்து, வாய்தாவுக்கு ஒருநாள் கூலியையும் இழந்து வருகிற பெண்ணிடம் ‘இன்னும் இரண்டு வருஷம் பொறும்மா, கொள்கைக்காகப் போராடுவோம்’ என்று எந்த வக்கீல் சொல்வார்? அவர் செய்வதில் குற்றமில்லை. ஆனால் விளைவு என்ன? ஏற்றி அனுப்பிய இடத்துக்கு அந்தச் சாவால் ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த வண்டிக்கும் அதே இரண்டு துண்டுக் கட்டைதான். வண்டிக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தாலோ சொல்லவே வேண்டாம். ஒற்றை லாரி வைத்துக் கடனில் ஓடும் உரிமையாளர் மேல் தீர்ப்பு வாங்கி அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

பின்னால் நீட்டிய கம்பிகளில் மோதி இறந்தவர்களின் வழக்குகளில் இன்னொரு கொடுமை நடக்கும். இரவில், நிற்கிற லாரியிலிருந்து கம்பிகள் வெளியே நீண்டிருக்கும். முனையில் ஒரு சிவப்புத் துணி. இருட்டில் சிவப்புத் துணி யார் கண்ணுக்குத் தெரியும்? இன்சூரன்ஸ் தரப்பு, ‘பைக்கில் வந்தவர் போதிய இடைவெளி விடவில்லை, அவர் பங்கும் உண்டு’ என்று வாதாடி இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைக்கப் பார்க்கும். இறந்தவரின் பங்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்க்கும் நீதிமன்றத்தில், நீளக் கம்பியைக் குட்டை வண்டியில் ஏற்றி அனுப்பிய கிடங்குக்காரரின் பங்கு எத்தனை என்று கேட்க ஆளில்லை.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தமல்ல. சரக்கோடு போகும் லாரி ரசீதிலும் ஈ-வே பில்லிலும், ஏற்றும் பணியை மேற்பார்த்தவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுப்புபவர் சரக்கு விவரத்தைச் சரியாக எழுதிக் கொடுக்க வேண்டும், தவறாக இருந்து வண்டிக்காரருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டவும் வேண்டும். அந்தப் படிவத்திலேயே இன்னொரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? தார்ப்பாய் போடுவதற்கு முன் ஓட்டுநர் சுற்றிப் பார்க்கட்டும், கட்டியிருப்பதைப் படம் எடுக்கட்டும். பார்க்க விடாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று விதி வரட்டும். 2022 ஏப்ரல் முதல் சாலை விபத்துகளில் காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. பாரம் விழுந்த வழக்கு என்றால், அந்த விரிவான அறிக்கையில் ஏற்றிய இடம், ஏற்றியவர், வெளியே அனுப்பியவர் பெயர் இல்லாமல் தீர்ப்பாயம் அதைத் திருப்பி அனுப்பலாம். பெயர் இருந்தால் சேர்ப்பதா வேண்டாமா என்று வக்கீல் முடிவு செய்துகொள்வார். பெயரே இல்லாத ஆளுக்கு எப்படிச் சம்மன் அனுப்புவது?

இதைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது இப்படி ஒரு விபத்து நடந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். துக்கம் விசாரிக்க வருபவர்களில் விவரமான ஒருவரை முதல் நாளே காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுவதற்கு முன்பு வண்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அறுந்த பெல்ட்டையும் கட்டைகளையும் மகஜரில் சேர்த்துக் கைப்பற்றும்படி எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லாரி ரசீது, எடைச்சீட்டு, ஆலை வாசலில் கொடுத்த வெளியேறும் சீட்டு மூன்றும் ஓட்டுநரின் கேபினில்தான் இருக்கும். வண்டி கோர்ட் உத்தரவில் உரிமையாளர் கைக்குத் திரும்பிப் போன பிறகு அவற்றைத் தேடிப் பயனில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்